கைக்குத் தெரிந்ததெல்லாம்

பீடியை ஒழித்துவிடுவதென்று அரசாங்கம் முடிவு செய்த பிறகுதான், பீடி சுற்றும் கைகளை என்ன செய்வது என்ற யோசனை அதற்கு வந்தது. வழக்கம்போலப் பிந்தித்தான் வந்தது. குடியாத்தத்துக்கு மேற்கே மூங்கிலேரியில் முறம் இல்லாத மடியே கிடையாது. காலையில் வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் இலை வெட்ட உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை பெண்களின் விரல்கள் ஓயாது. அந்த விரல்களுக்கு இனித் தோட்ட வேலை கற்றுத்தருவது என்று திட்டம் போட்டார்கள். காய்கறி விற்கிற விலையில் அது ஒன்றும் மோசமான யோசனை இல்லை.

சிக்கல் என்னவென்றால், மூங்கிலேரிப் பெண்களுக்கு மண் பழக்கமே இல்லை. அம்மா, அம்மாவின் அம்மா என்று எல்லோருமே நிழலில் உட்கார்ந்து இலை சுருட்டியவர்கள். வாசலில் பூச்செடி வைக்க ஆசைப்பட்டால்கூடப் பிளாஸ்டிக்கில் வாங்கி வைப்பார்கள். இவர்களை உட்கார வைத்து, படம் வரைந்து பாகங்களைக் குறித்து, தோட்டக்கலை சொல்லிக்கொடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால்தான் கலப்பு வகுப்பு வந்தது.

"பாதி நேர்ல, பாதி தூரத்துல இருந்து நடக்கும்க்கா" என்று சமுதாயக்கூடத்தில் விளக்கினான் லோகேஷ். காட்பாடிப் பையன், மூங்கிலேரி வகுப்பை நடத்த, அரசாங்கம் அமர்த்திய பயிற்சி நிறுவனம் அனுப்பியிருந்த ஆள். "மண்ணு, செடி, தண்ணி, நானு, எல்லாம் இங்க. ஹேமலதா மேடம் கோத்தகிரியில இருப்பாங்க. அவங்க கை மட்டும் இங்க வரும்."

"கை மட்டும் வருமா? அப்ப உடம்பு எங்கப்பா போச்சு?" என்று பேபியம்மா கேட்க, கூடமே சிரித்தது. பேபியம்மாவுக்குப் பேரன் எடுத்த வயது. வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

லோகேஷ் ஒரு ஜோடி கையுறையைத் தூக்கிக் காட்டினான். வெங்காயத் தோல்போல மெல்லியது. அதோடு பின்கழுத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை. அங்கே மேடம் கத்தியைப் பிடித்தால் இங்கே இவர்களின் விரலும் அதே பிடியைப் பிடிக்கும். சில வகுப்புகள் போனால் கையுறை இல்லாமலேயே விரல் அந்த வேலையைச் செய்யும். மனப்பாடம் வேண்டாம், வருடக்கணக்கில் பழகவும் வேண்டாம்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. இன்னைக்குப் பாடம் இல்ல. ஒவ்வொருத்தரா வந்து கையுறையைப் போட்டுக்கினு, உங்க கைக்கு என்னென்ன தெரியுமோ அதெல்லாம் செஞ்சு காட்டுங்க. ஒண்ணு விடாம காட்டணும். பதிஞ்சு வெச்சுக்குவோம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைக்குத் தெரிந்தது என்றால் கைவேலைதானே? முதலில் போனவள் முறத்தை மடியில் வைத்து நாலு பீடி சுற்றினாள். அடுத்தவளும் அதையே செய்தாள். பேபியம்மா பீடி சுற்றி முடித்துவிட்டு, காற்றில் முறுக்குப் பிழிந்து காட்டி ஒரு சிரிப்பையும் வாங்கிக்கொண்டாள்.

அம்சாவின் முறை வந்தது. அம்சவேணி என்று முழுப்பெயர். ரேஷன் அட்டையோடு சரி. அவள் கை பீடியைச் சுற்றும்போது, கண் வாசலுக்குப் போனது. அங்கே தூணைக் கட்டிக்கொண்டு மகள் நிவேதா நின்றிருந்தாள். எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. காதுக்குள் வைக்கிற கருவிக்கு வேலூருக்கும் சென்னைக்கும் அலைந்து பார்த்தாகிவிட்டது. நரம்பே இல்லாத இடத்தில் எதை வைப்பது என்று கேட்டார்கள்.

அம்சாவின் வலது கை முறத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே எழும்பியது. உடனே இறங்கிவிட்டது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் அவளும் மகளும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டு போனால், 'ஊமைக்கூத்து போவுது பாரு' என்று ஒரு குரல் எப்படியும் வரும். அதுவுமில்லாமல், மகளோடு பேசுவது ஒரு தொழிலா? மூச்சு விடத் தெரியும் என்று யாராவது சொல்லிக்கொள்வார்களா?

"வேற எதுனா தெரியுமாக்கா?" என்று கேட்டான் லோகேஷ்.

"பீடிதான் தம்பி. வேற இன்னா தெரியும் எனக்கு?" என்றாள் அம்சா.

அந்தப் பேச்சை அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஊரறிந்த சைகைமொழி ஒன்று உண்டு; அதைச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் வேலூரில் இருந்தது. விடுதியில் விட மனசு வராமல், அம்சா மகளை அங்கிருந்து அழைத்து வந்துவிட்டாள். புருஷன் சங்கர் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் ஒரு தரம் வந்து மகளின் தலையைத் தடவிவிட்டுப் போவான்; அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. ஆக மீதி எல்லாவற்றையும் தாயும் மகளும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். நடுவிரலும் பெருவிரலும் சேர்ந்து வாய்க்கு வந்தால் பசி. உள்ளங்கையில் முஷ்டியைத் தேய்த்தால் அப்பா வருகிறார். நிவேதாவுக்குப் புருவ ஓரத்தில் ஒரு மச்சம். அம்சா தன் சுண்டுவிரலால் தன் புருவத்தைத் தொட்டால் அது நிவேதாவின் பெயர். கோபம், மழை, பொய் சொல்லாதே, பாம்பு, கனவு என்று எல்லாவற்றுக்கும் ஒரு விரலசைவு இருந்தது. உலகத்தில் இரண்டே பேர் பேசிய பாஷை அது. அதற்கு அவர்கள் பெயர்கூட வைக்கவில்லை.

வகுப்பு தொடங்கியது. கூடத்தின் பின்னால் இருந்த தரிசுதான் வகுப்பறை. வேப்பமரத்தடியில் பெரிய திரையை நிறுத்தியிருந்தார்கள். அதில் ஹேமலதா மேடம் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஸ்வெட்டர் போட்ட, நிதானமான அம்மாள். கையுறைக்குள் முதல்முறை அவருடைய கை வந்தபோது அம்சாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமாக இல்லை. யாரோ கையைப் பிடித்து அ எழுதப் பழக்குவது போலிருந்தது. பிடிக்கிற கைதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பயப்படாதீங்க. கையைத் தளர்வா விடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் மேடம். அம்சா விட்டுக்கொடுத்தாள். நன்றாகவே விட்டுக்கொடுத்தாள்.

சுண்டைச் செடியின் தண்டைச் சாய்வாக வெட்டி, அதில் கத்தரியை ஒட்டுக்கட்டக் கற்றார்கள். மிளகாயின் நுனியைக் கிள்ளி, பக்கக் கிளை விட வைத்தார்கள். தேனீ வருவது நின்றுபோயிருந்த வருடம் அது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவைத்து, பூசணிக்குத் தாங்களே பிள்ளைவரம் கொடுத்தார்கள். தரிசு பச்சையாயிற்று. அதைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து பூசணியைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். புகையிலைத் தூளின் காரம் இல்லாமல் இரவு தூங்குவது எப்படி இருக்கும் என்று அம்சாவுக்கு முதல்முறை தெரிந்தது. இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்த வகுப்பு பொய் இல்லை, சொன்னதைச் செய்தது.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பிடலாமா என்று மகளைக் கேட்கக் கையைத் தூக்கினாள். நடுவிரலும் பெருவிரலும் சேர்ந்தன. ஆனால் வாய்க்கு வரவில்லை. காற்றில் எதையோ கிள்ளின. மறுபடி முயன்றாள். மறுபடியும் கிள்ளின. நிவேதா சிரித்தாள். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்து அவளும் காற்றில் கிள்ளினாள்.

அடுத்த வாரம் மழைக்குப் பதிலாக விதை தூவியது கை. அப்பா வருகிறார் என்பதற்கு முஷ்டி மடங்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கத்தியை உறையிலிருந்து எடுத்தது. நிவேதா சிரிப்பதை நிறுத்தினாள். அம்மாவின் முகத்தையும் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: 'ஏன் பொய் பேசுறே?'

அந்தக் கேள்வி அம்சாவுக்கு நன்றாகப் புரிந்தது. மகளின் விரல் பேசுவது ஒன்று விடாமல் கண்ணுக்குப் புரிந்தது. பதில் சொல்லத்தான் கை இல்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பார்த்தாள். சுண்டுவிரல் புருவம்வரை போய், அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அம்சா அடுப்படிக்குப் போய் ஓவென்று அழுதாள். மகளுக்குக் கேட்காது என்பதால் குரலை அடக்கவும் இல்லை.

லோகேஷிடம் போய் நின்றாள். அவன் கெட்டவன் இல்லை. கேட்டதும் முகம் வெளுத்துப்போயிற்று.

"மூளையில கைக்குன்னு ஓர் இடம் கீதுக்கா. கொஞ்ச இடம்தான். நாம வருசக்கணக்குல பழகுனா அது மெதுவா ஒதுங்கி வழிவிடும். இது வேகமா ஏறுது இல்ல, அதனால பழசு எதுனா அழியும். எது அழியக்கூடாதுன்னு தெரியணும்னுதான் முத நாளு எல்லாத்தையும் காட்டச் சொன்னோம். காட்டுனதுக்கு வேலி போட்டுருவோம். மத்ததெல்லாம் காலி இடம்னு நெனச்சுக்கும்."

"நீ அழியும்னு சொல்லலியே தம்பி."

"சொன்னா பயந்துகினு யாரும் வரமாட்டாங்க, சொல்லாதேன்னாங்க மேல." அவன் தலை குனிந்தான்.

"திருப்பி வெக்க முடியாதா?"

"பதிஞ்சது இருந்தா வெக்கலாம். பாப்பா கையில இருந்து எடுக்கவும் முடியாது, சின்னப் பிள்ளைங்களுக்கு இத மாட்டக்கூடாது. உங்களது..." வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தது என்னவென்று இருவருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் அம்சா பரணிலிருந்து முறத்தை எடுத்துப் பார்த்தாள். கம்பெனிகள் மூடி, ஊரில் ஒரு கட்டு இலை வாங்க ஆளில்லை. அவள் விரல்களோ ஒரு பிசிறு இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பீடி சுற்றின. அவளுக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

மற்றவர்களுக்கும் போயிருந்தது. ஒருத்திக்குப் பூக்கட்ட வரவில்லை. பேபியம்மாவுக்குக் கோலம் போயிற்று. புள்ளி வைத்தால் நாற்று நடுகிற இடைவெளியில் விழுந்தது. "போனா போவுது. ஸ்டிக்கர் ஒட்டிக்கிறேன். உனக்கு மட்டும் ஏம்மே மூஞ்சி செத்துப்போச்சு?" என்று கேட்டாள். அம்சா சொன்னாள். பேபியம்மாவுக்கு அது ஒரு பாஷை என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அம்சா வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். மகளை எதிரே உட்கார்த்தி, அவளையே கற்றுத்தரச் சொன்னாள். நிவேதா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கினாள், நீட்டினாள். பொறுமையாகத்தான் செய்தாள் பிள்ளை. ஒரு சொல், இரண்டு சொல் நின்றது. ஆனால் வாசலில் ஒரு செடியைக் கண்டால் போதும், சொல்லின் நடுவிலேயே கை திரும்பிக் கிள்ளப் போய்விடும். வாரங்கள் போயின. மகளுக்குச் சலித்தது. எட்டு வயதுக்கு எவ்வளவு பொறுமைதான் இருக்கும்?

ஒரு காலை, நிவேதா தண்ணீர் கேட்டாள். தண்ணீருக்கு அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. நான்கு விரலும் கன்னத்தில் வழிந்து இறங்குவது. அவள் அதைச் சொல்லவில்லை. குடத்தை நோக்கி விரலை நீட்டினாள், பிறகு தன் வாயைக் காட்டினாள். மளிகைக் கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அப்படித்தான் கேட்பாள். அம்மாவும் இனி அவர்களோடு சேர்த்தி என்று பிள்ளை முடிவுசெய்துவிட்டது. அம்சா தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அந்தத் தம்ளரைக் கொடுத்த நிமிடம் அவளுக்கு ஏதோ ஒன்று முடிந்துபோயிற்று.

பீடி இல்லை, சங்கர் அனுப்புவது போதவில்லை. தோட்டத்துக்குத் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. கையுறை மட்டும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தெரிந்த வேலையைச் செய்தாள். வீட்டில் தனியாக விட முடியாமல் மகளையும் கூட்டிப் போனாள். நிவேதா வேப்பமரத்தடியில், திரைக்கு முன்னால் குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருப்பாள்.

மேடம் அன்று வாய்ப்பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மாவுப்பூச்சியைப் பற்றி ஏதோ. கையுறை இல்லை, கைகள் மேசைமேல் சும்மா கிடந்தன. அம்சா கத்தரிப் பாத்தியில் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது, மகள் எழுந்து நிற்பதைப் பார்த்தாள். குச்சி கீழே கிடந்தது. திரையில் மேடத்தின் வலது கை தானாக மேலே போயிற்று. சுண்டுவிரல் புருவ ஓரத்தைத் தொட்டது.

அம்சாவுக்குக் கண்ணில் ஏதோ விழுந்தது போலிருந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தாள். மேடம் மாவுப்பூச்சியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய நடுவிரலும் பெருவிரலும் சேர்ந்து வாயருகே போயின. 'பசிக்குதா?' நிவேதா துள்ளினாள். இரண்டு கையாலும் பேசினாள். பசியில்லை, காலையில் இட்லி தின்றேன், அம்மாவின் கை கெட்டுப்போய்விட்டது, நீ யார், உனக்கு எப்படி என் பெயர் தெரியும்? அத்தனை நாள் அடைத்து வைத்தது எல்லாம் அந்தச் சின்ன விரல்களிலிருந்து கொட்டியது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"அந்தப் பாப்பா என்ன பண்றா?" என்று கேட்டார் மேடம். கேட்ட உடனே தன் கையைக் குனிந்து பார்த்தார். கை சட்டென்று அடங்கிவிட்டது.

லோகேஷ்தான் தட்டுத்தடுமாறிச் சொன்னான். கையுறையின் பாதை ஒருவழி இல்லையாம். இவர்கள் பிடிக்கிற பிடி தெரிந்தால்தானே அங்கிருந்து திருத்த முடியும்; அதனால் இரண்டு பக்கமும் திறந்தே இருக்குமாம். இங்கே அழிந்தது அந்த வழியாக அங்கே போய் ஒதுங்கியிருக்க வேண்டும். இப்படி நடக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றான்.

மேடம் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுவா... கொஞ்ச நாளா என் கை சும்மா இருக்கறதில்ல. மேசையில புள்ளி புள்ளியா வைக்குது. டாக்டர் நரம்புத் தளர்ச்சின்னு மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார்" என்றார். பிறகு, "அம்சா, வாங்க இப்படி. கையுறையைப் போடுங்க. உங்களுதை உங்களுக்கே திருப்பிக் குடுத்துடறேன். எனக்கு எதுக்கு அது?" என்றார்.

போட்டுப் பார்த்தார்கள். மேடம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கை அசையவே இல்லை. அவர் கவனித்தால் அது வருவதில்லை, மறந்தால் வருகிறது. வருவது இன்னதென்று தெரியாதவரால் எதை எடுத்து அனுப்ப முடியும்? திரும்பத் திரும்ப முயன்று, கடைசியில் அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

"மேடம்" என்றாள் அம்சா. "அந்த மாத்திரைய..."

"போடலம்மா. கத்தி பிடிக்கறப்ப நழுவுதுதான். பரவால்ல. வகுப்பு முடியறவரைக்கும் போடமாட்டேன்."

"அப்புறம்?"

"அடுத்து தர்மபுரி பக்கம் ஒரு ஊர் வகுப்புக்கு மாத்தியிருக்காங்க."

அன்று முதல் வகுப்பு நாள் வந்தால் நிவேதா அம்மாவுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். மேடம் பாடம் நடத்துவார். கைகளைப் பார்க்காமல், திரையில் தெரியும்படி மேசைமேல் வைத்திருக்கப் பழகிக்கொண்டார். அந்தக் கைகள் எப்போதாவது எழும்பிப் பேசும். அவள் ஆசையாகப் பதில் சொல்வாள். தான் சொல்வது எதுவும் அந்தப் பக்கம் யாருக்கும் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அதை அவளுக்குச் சொல்ல அம்சாவிடம் கையும் இல்லை.

அம்சா பாத்தியில் குனிந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. இத்தனை வருடம் தான் மகளோடு பேசியதெல்லாம் அங்கே இருக்கிறது. தாலாட்டாக அவள் முதுகில் எழுதியதெல்லாம், கன்னத்தை வழித்துத் தங்கமே என்றதெல்லாம் வரும், ஒருமுறையாவது கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். ஒன்றிரண்டு வந்தன. அதிகம் வந்தது வேறொன்று. உள்ளங்கை கவிழ்ந்து, மேசைமேல் இரண்டு முறை மெல்லத் தட்டும். முதலில் மற்ற சொற்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. போகப்போக அதுதான் வந்தது. ஒரு வகுப்பு முழுக்க அது ஒன்றே வந்த நாளும் உண்டு. அடிக்கடி சொன்னதுதானே கையில் ஆழமாகப் பதிந்திருக்கும்.

காலை முதல் இருட்டும்வரை இரண்டு கையிலும் இலையும் நூலுமாக உட்கார்ந்திருந்தவள், மகள் ஓடிவந்து எதைச் சொன்னாலும், ஒரு கையை மட்டும் ஒரு கணம் விடுவித்து, தன் தொடையில் இரண்டு முறை தட்டிச் சொல்லும் சொல் அது. 'இரு. அம்மாவுக்கு வேலை கீது. அப்புறம் பேசலாம்.'

திரையில் மேடத்தின் கை மேசையைத் தட்டியது.

நிவேதா சமர்த்தாகத் தலையாட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.